வடக்குச் சுவருக்கு ஒரு மெத்தை

என் முப்பத்து நாலு வருட இல்லற வாழ்க்கையில் நான் ஒரே ஒரு முறைதான் ஜெயித்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அது வெற்றிதானா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மகள் சொர்ணலதா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போனாள். அவள் இருந்த அறை காலியானது. தேவாரத்தில் எங்கள் வீடு சின்ன வீடு. ஒரு ஹால், ஒரு படுக்கையறை, ஒரு அடுப்படி, அது போக இந்த அறை. அதன் மேல் இரண்டு பேர் கண் வைத்திருந்தோம். ஒன்று நான். இன்னொருத்தி என் மனைவி ஜோதிலட்சுமி.

முதலில் என் பக்கத்து நியாயத்தைச் சொல்கிறேன். அவள் பக்கத்து நியாயத்தை அவளே சொல்லுவாள். வேண்டாம் என்றாலும் சொல்லுவாள்.

நான் டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேர் ஈஸ்வரபாண்டி. சர்வீஸில் இருந்தபோது, மலை மேல் ஒரு ஏலத்தோட்ட பங்களாவுக்கு போன் ரிப்பேர் பார்க்கப் போனேன். உள்ளே ஒரு ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ சாக்ஸபோன் வாசித்தார். அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. பத்து நிமிட வேலையை ரெண்டு மணி நேரம் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த ஜாஸ் பைத்தியம் இன்றைக்கு வரை தெளியவில்லை. இப்போது என்னிடம் நூற்று நாற்பது எல்.பி. ரெக்கார்டுகள் இருக்கின்றன. கோட்டயத்துச் சேட்டன் ஒருவர் பழைய ரெக்கார்டு எது கிடைத்தாலும் முதலில் எனக்குத்தான் போன் போடுவார்.

எல்லாம் சரி. நிம்மதியாக ஒரு ரெக்கார்டு கேட்க முடிகிறதா? முடியாது. காரணம் பஞ்சு.

ஜோதிலட்சுமி இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் தைத்து விற்கிறாள். போடியில் இருக்கும் அவள் அண்ணன் மூட்டை மூட்டையாகப் பஞ்சு அனுப்புவார். இந்தப் பக்கத்தில் கல்யாணச் சீர் என்றால் அவள் தைத்த மெத்தைதான். நல்ல பேர், நல்ல வியாபாரம். ஆனால் ஹாலில் பஞ்சு, கட்டிலில் பஞ்சு, என் மீசையில் பஞ்சு. ரெக்கார்டு போட்டால் அஞ்சு நிமிடத்தில் ஊசி முனைக்குத் தாடி முளைத்துவிடும். உடனே சாக்ஸபோன்காரருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். எழுந்து போய் ஊசியைத் துடைப்பேன். மறுபடி உட்காருவேன். மறுபடி ஜலதோஷம்.

எனவே சபதம் எடுத்தேன். அந்த அறை எனக்குத்தான். அதற்குள் ஒரு இழை பஞ்சு வரக்கூடாது.

"ஜோதி, சொர்ணா ரூம் எனக்கு வேணும்."

"எதுக்கு?"

"பாட்டுக் கேக்க."

"இப்ப மட்டும் என்ன செய்றீக? விடிஞ்சதுல இருந்து கேட்டுக்கிட்டுத்தான இருக்கீக."

"ஜாஸை அப்படிக் கேக்கக் கூடாது. அதுக்குன்னு தனி இடம் வேணும்."

"ஜாஸா? ஏற்கெனவே ஜாஸ்தியாத்தான் இருக்கு. பிரிட்ஜ் மேல ஜாஸு, பீரோ மேல ஜாஸு, கட்டிலுக்கு அடியில ஜாஸு. அரிசி டப்பாவத் தொறந்தா அதுலயும் ஒண்ணு கெடக்குமோன்னு பயந்துக்கிட்டே தொறக்குறேன்."

"உன் பஞ்சு மட்டும் என்னவாம்? நேத்து ரசத்துல மெதந்துச்சு."

"அதான் மெத்துனு எறங்குச்சா?"

"விளையாடாத. எனக்கு அந்த ரூம் வேணும்."

"ஆவணி முகூர்த்தத்துக்கு இருபத்தஞ்சு மெத்தை ஆர்டர் இருக்கு. நான் எங்கன கொண்டுபோயி அடுக்க? ஒங்க தலையிலயா?"

ரெண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள்.

"எடுத்துக்கங்க."

"என்னது?"

"ரூமு. ஆனா ஒண்ணு. என் சாமான் ஒண்ணுகூட அந்த ரூமுக்குள்ள வராது. நீங்களே வந்து கேட்டாலும் தர மாட்டேன். அப்பறம் என்னைக் கொறை சொல்லக் கூடாது."

"நான் எதுக்குடி உன் தலையணையக் கேக்கப் போறேன்?" என்று சிரித்தேன். அவளும் சிரித்தாள். முப்பத்து நாலு வருடப் பழக்கத்தில் அந்தச் சிரிப்பை நான் கவனித்திருக்க வேண்டும். ஜெயித்த மயக்கம், கவனிக்கவில்லை.

வெள்ளையடித்தேன். அலமாரி போட்டேன். ரெக்கார்டுகளை நிமிர்த்தி வரிசையாக அடுக்கினேன். நடுவில் ஒரு நாற்காலி. கதவைச் சாத்திவிட்டு, இருப்பதிலேயே நல்ல ரெக்கார்டாக ஒன்றை எடுத்துப் போட்டேன்.

பாத்திரக்கடை சரிந்து விழுந்தது.

உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. ஒரு டிரம்ஸ் நாலு டிரம்ஸாகக் கேட்டது. டிரம்பெட்காரர் ஒரு பக்கம் ஊத, இன்னொரு டிரம்பெட்காரர் கிணற்றுக்குள் நின்று அவரைப் பழித்துக் காட்டினார். ஜாஸில் டபுள் பாஸ் என்று ஆள் உயரத்துக்கு ஒரு வாத்தியம் உண்டு. விரலால் மீட்டுவார்கள், நெஞ்சுக்குள் அதிரும். அதைக் காணவே காணோம். லாரி போகிற உறுமல் மட்டும் வந்தது. ஸ்பீக்கரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கிய அறையில் உட்கார்ந்து என் சொந்த ரெக்கார்டையே என்னால் கேட்க முடியவில்லை. அழுகை வராத குறை.

உத்தமபாளையத்தில் பக்கீர் முகம்மது என்று எனக்குப் பழக்கமான தம்பி ஒருவன். மைக்செட் கடை வைத்திருக்கிறான். அவனை வரவழைத்தேன். வந்தவன் ரெக்கார்டு பிளேயரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அறை நடுவில் நின்று படாரென்று கையைத் தட்டினான்.

"அண்ணே, நான் எத்தன தடவ தட்டுனேன்?"

"ஒரு தடவ."

"எத்தன கேட்டுச்சு?"

"நாலு."

"அதான் சங்கதி. சுவரு மொட்டையா இருக்குண்ணே. சத்தம் போயி முட்டித் திரும்பி வருது. மெத்துனு எதையாச்சும் சாத்தி வைங்க, சத்தத்தக் குடிச்சிரும். பெரிய ஊருகள்ல இதுக்குன்னே பலகை விக்கிறாக. ஆனா பஞ்சு மாதிரி வராது." ஹாலில் மலையாகக் கிடந்த மூட்டைகளைப் பார்த்தான். "பஞ்சுக்கா ஒங்க வீட்டுல பஞ்சம்?"

அவன் போன பிறகு நான் அடுப்படி வாசலில் போய் நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"என்ன?" என்றாள்.

"ஒரு ரெண்டு தலையணை..."

"தர மாட்டேன்னு சொன்னேன்ல?"

"தலைக்கு இல்ல, சுவருக்கு."

"சுவரு எதுக்குத் தூங்கப் போகுது? அது வியாபாரத்துச் சாமான். அடுத்தவுக வீட்டுக் கல்யாணத்துக்குத் தைச்சது."

"பஞ்சு வெளிய வராதுல்ல?"

"நான் தைச்சா வருமா? ரெட்டைத் தையலு. ஆனாலும் தர மாட்டேன்."

ஒரு முழு நாள் கெஞ்சினேன். சின்ன வெங்காயம் ரெண்டு கிலோ உரித்துக் கொடுத்தேன். கடைசியில் மனசே இல்லாதவள் மாதிரி ரெண்டு தலையணையைத் தந்தாள். ஸ்பீக்கருக்குப் பின்னால் வைத்தேன். கிணற்றுக்குள் நின்ற டிரம்பெட்காரர் ஒரு படி மேலே ஏறி வந்தார்.

அவ்வளவுதான், எனக்கு ஆசை பிடித்துவிட்டது. இன்னும் நாலு தலையணை. பிறகு வடக்குச் சுவருக்கு ஒரு மெத்தை. வடக்கே வைத்தால் தெற்கே வைக்காமல் முடியுமா? தெற்கே ரெண்டு. கனத்த சத்தமெல்லாம் மூலையில் போய்த்தான் தேங்கும் என்று பக்கீர் போனில் சொன்னான். மூலைக்கு ஒரு பஞ்சு மூட்டை வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கெஞ்சல், ஒவ்வொன்றுக்கும் அவள் மறுப்பு, கடைசியில் ஒரு பெருமூச்சோடு சம்மதம். தூக்கிச் சுமந்தது பூராவும் நான். அவள் கதவருகே நின்று, "பாத்து, பாத்து, கிழிஞ்சிறப் போகுது. இந்த மூட்டையையும் எடுத்துக்கங்க, அதுவும் இங்கன சும்மாதான கெடக்கு" என்பாள். அவள் தாராள மனசை நினைத்து நெகிழ்ந்து போனேன்.

மூன்று வாரத்தில் அறை நிறைந்தது. என் நாற்காலிக்கு இடமில்லாததால் அதை ஹாலில் போட்டேன். ஹால்தான் விசாலமாகக் கிடந்ததே.

அன்றைக்கு மத்தியானம் மெத்தையில் சாய்ந்துகொண்டு ஒரு ரெக்கார்டு போட்டேன். டபுள் பாஸ் வந்தது. விரல் நரம்பைத் தொடுகிறது, விடுகிறது, அதுகூடக் கேட்டது. சாக்ஸபோன்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. கண் கலங்கிவிட்டது, சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஜோதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஆத்தாடி," என்றாள் மெதுவாக. "அந்த ஆளு நம்ம வீட்டுக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரில்ல இருக்கு."

அவள் அப்படிச் சொன்னது எனக்கு அந்த ரெக்கார்டைவிட இனித்தது.

ஆவணி பிறந்தது. ஒரு காலையில், ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. ஓடைப்பட்டியிலிருந்து உமாதேவி என்று ஒரு அம்மா, மகள் கல்யாணத்துக்கு மெத்தை பார்க்க வந்திருந்தார். பின்னாலேயே ஜோதி.

"எல்லாம் இங்கனதான் இருக்கு, தொட்டுப் பாருங்க."

அந்த அம்மா நேராகப் போய் ஒரு மெத்தையை அமுக்கிப் பார்த்து, "இத எடுத்துக்கிறேன்" என்றார்.

நான் துள்ளி எழுந்தேன். "அது வடக்குச் சுவரு! அத எடுக்கக் கூடாது!"

அந்த அம்மா பயந்துபோய் ஜோதியைப் பார்த்தார்.

"அவுக கொஞ்சம் வாஸ்து பாப்பாக," என்றாள் ஜோதி. "நீங்க எடுத்துக்கங்க."

மெத்தை போனது. கூடவே பாஸும் போனது. நான் அவள் பின்னாலேயே அலைந்தேன்.

"அந்த எடத்துக்கு எப்ப ஒண்ணு தைப்ப?"

"துணி வெட்டித் தைச்சிருவேன். பஞ்சு அடைக்கத்தான் ஆளில்ல. எனக்கு முழங்கால் வலி."

கொல்லையில் உட்கார்ந்து நானே அடைத்தேன். பஞ்சைப் பார்த்தாலே பதறிய மனிதன், காதுக்குள் வரை பஞ்சோடு உட்கார்ந்து அடைத்தேன். மறுநாள் தெற்குச் சுவர் விலை போனது. அதற்கும் அடைத்தேன். ஒரு மாதத்தில் எனக்குக் கை பழகிவிட்டது. மூலையில் கட்டி தட்டாமல் அடைப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஜோதியே நாலு பேரிடம் சொன்னாள்.

ஒரு நாள் உத்தமபாளையம் போனபோது, நன்றி சொல்லலாமென்று பக்கீர் கடைக்குள் நுழைந்தேன்.

"நீ சொன்ன யோசனைதான் தம்பி, ரூம் இப்ப சொர்க்கம்."

"எனக்கு எதுக்குண்ணே நன்றி? அக்காவுக்குச் சொல்லுங்க. ஒங்களுக்கு ரூமு தர்றதுக்கு முன்னாடியே இங்கன வந்தாகளே."

"யாரு?"

"அக்காதான். வெறும் ரூமுல பாட்டுப் போட்டா எப்படி இருக்கும்னு கேட்டாக. எரைச்சலா இருக்கும்னேன். பஞ்சு மெத்தையெல்லாம் அடுக்குனா எப்படின்னு கேட்டாக. நல்லா இருக்கும்னேன். 'நெசமா நல்லா இருக்குமா? கெட்டுப்போகும்னா இப்பவே சொல்லிரு, நான் வேற எடம் பாத்துக்கிறேன். அவுகளுக்கு இருக்குறது அது ஒண்ணுதான்'னாக. சத்தியமா நல்லா இருக்கும்க்கான்னேன். அப்பறந்தான் சிரிச்சாக. 'அவுக எப்படியும் ஒங்கிட்டத்தான் வருவாக. வந்தா உள்ளதச் சொல்லு, மத்ததை நான் பாத்துக்கிறேன்'னு கெளம்பிட்டாக."

பஸ்ஸில் வரும்போது உள்ளுக்குள் கொதித்தது. இடையிடையே, 'அவுகளுக்கு இருக்குறது அது ஒண்ணுதான்' என்று அவள் சொன்னது ஞாபகம் வந்து கொதிப்பு அடங்கியது. விடக்கூடாது என்று மறுபடி மூட்டிக்கொண்டேன். என்ன கேட்பது, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்று எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு வீட்டுக்குள் நுழைந்தேன்.

அறைக்குள் ரெக்கார்டு சுற்றிக்கொண்டிருந்தது. ஊசியை அவளே துடைத்து, கீறாமல் வைத்திருந்தாள். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள் என் செருப்புச் சத்தத்தில் கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டீகளா? ஓடைப்பட்டிக்காரவுக சொந்தக்காரவுக வந்து ரெண்டு மெத்தையும் நாலு தலையணையும் எடுத்துட்டுப் போனாக. ஒங்க காதால ஒருக்கக் கேட்டுச் சொல்லுங்க. பாஸு தொளதொளன்னு இருக்குல்ல?"

கேட்டேன். தொளதொளவென்றுதான் இருந்தது.

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "எத்தனை அடைக்கணும்?" என்று கேட்டேன்.