ஒயரிடம் மாப்பு கேட்டவர்

பழவேற்காட்டில் ஒயர் பாய் கைவைத்து ஓடாத பொருள் கிடையாது. கைவைத்த பிறகு முன்போல் ஓடிய பொருளும் கிடையாது. அவர் சரிசெய்த ரேடியோவைத் திருகினால் பக்கத்து வீட்டு மின்விசிறி சுற்றும் என்பார்கள். பாதி நாள் மெக்கானிக், பாதி நாள் ஏரியில் வலை.

எண்பதுகளின் கடைசியில் நான் அங்கே மீனவர் சங்கத்தில் குமாஸ்தா. புயலில் வலை இழந்தவர்கள் பட்டியலை ஒரு மாதமாகக் கம்ப்யூட்டரில் தட்டி வைத்திருந்தேன். பட்டியலில் பெயர் இருந்தால்தான் புது வலை. மறுநாள் மதியம் அதிகாரி வந்து அதைப் பிளாப்பி டிஸ்க்கில் வாங்கிப்போவதாக ஏற்பாடு. அன்று பார்த்து, உப்புக்காற்றில் துருவேறிய பிளாப்பி டிரைவ் உயிரை விட்டது. இரவலாக இன்னொரு கம்ப்யூட்டர் வந்தது. இரண்டையும் கேபிளால் இணைத்துப் பட்டியலைக் கடத்த வேண்டும். ஊரில் ஒயரைப் பற்றவைக்கும் சால்டரிங் தெரிந்தவர் ஒருவர்தான். என் தலையெழுத்து.

"இதுல பேசுற ஒயரு அதுல கேக்குற ஒயருக்குப் போவணும் பாய். குறுக்கால மாத்திப் போடுங்க" என்றேன்.

"குறுக்காலயா? ஒருத்தன் கயித்து மேல இன்னொருத்தன் கயிறு போனா ஏரில வெட்டுக்குத்து ஆவும் தம்பி. நேரா வுடுறேன், அதுங்களே பேசிக்கும்."

நேராகவே விட்டார். இரண்டும் ஒரே ஒயரில் பேசின, கேட்க ஆளில்லை. என் வீட்டு நிலவரம்தான். பிரித்தார், மறுபடி நேராகவே பற்றவைத்தார். மூன்று முறை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அதிகாரியின் ஜீப் வந்து நின்ற பிறகுதான் பாய் பிடிவாதத்திலிருந்து இறங்கி வந்தார். "மாப்பு பண்ணிடுங்கப்பா" என்று ஒயர்களிடம் சொல்லிவிட்டுக் குறுக்கே போட்டார்.

பெயர்கள் ஆங்கில எழுத்து வரிசையில் மளமளவென்று வந்தன. கடைசிப் பத்துப் பேர் பாக்கி இருக்கையில் பழைய கம்ப்யூட்டர் அணைந்தது. பிறகு எழவே இல்லை.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். நினைவிலிருந்து ஒன்பது பெயரைத் தட்டிவிட்டேன். பத்தாவது வருவேனா என்றது.

"யாரு பாய் அது, தெரியுமா?"

அவர் கேபிளையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெர்ல தம்பி."

ஜீப் போய்விட்டது.

வலை கொடுத்த அன்று எல்லோரும் வரிசையில் நிற்க, அவர் மட்டும் கடையில் ரேடியோவைக் குடைந்துகொண்டிருந்தார்.

"இன்னா பாய், நீங்க போவல?"

"நம்ம பேரு லிஸ்ட்டுல இல்லியே."

ஊருக்கே அவர் ஒயர் பாய். ஆங்கிலத்தில் இசட்டில் தொடங்கும் அந்தப் பத்தாவது பெயரை முதன்முதலில் பட்டியலில் தட்டியபோதே, அது யாரென்று எனக்கு உறைக்கவே இல்லை.

"பக்கத்துலதான நின்னீங்க. சொல்லியிருக்கலாமே."

"என்னாலதான நேரம் போச்சி. எந்த மூஞ்ச வெச்சிகினு என் பேரச் சொல்றது?"

அதற்குப் பிறகு அவரை ஜைனுலாப்தீன் பாய் என்று முழுப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். ஊர் சிரித்தது. அவர்தான் பாவம், தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று புரிந்து திரும்ப ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வார். நானும் காத்திருப்பேன்.