ஏந்தலூரின் தலைவி

மழைக்குப் பஞ்சமில்லாத நாடு ஒன்று இருந்தது. அரசாணைகளுக்கு அங்கே அதைவிடவும் பஞ்சமில்லை. புங்கநாடு என்று அதற்குப் பெயர். ஊருக்கு ஓர் ஏரி, ஏரிக்கு ஒரு கரை, கரைக்குக் கீழே வீடுகள். கரை உடைந்தால் முதலில் போவது கீழத்தெருதான் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே யாரைக் குடிவைப்பது என்பதும் வெகு காலத்துக்கு முன்பே முடிவாகியிருந்தது.

ஒருமுறை அண்டை நாட்டு ராணி அரண்மனைக்கு விருந்துக்கு வந்தார். பேச்சுவாக்கில், இந்த நாட்டில் பெண்கள் என்னென்ன பொறுப்புகளில் இருக்கிறார்கள் என்று கேட்டார். மன்னர் வாய்க்குக் கொண்டுபோன கவளத்தை நிறுத்திவிட்டு மந்திரிகளைப் பார்த்தார். மந்திரிகள் பரிமாறிக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்தார்கள். மறுநாள் பொழுது விடிவதற்குள் மகளிர் ஏற்றத் துறை என்று ஒரு துறை உண்டாகிவிட்டது. அதற்கு ஒரு பெண்ணையே மந்திரியாக்கலாமே என்று யாரோ சொன்னார்களாம். இவ்வளவு முக்கியமான பொறுப்பை அனுபவமில்லாதவரிடம் எப்படிக் கொடுப்பது என்று மன்னர் கவலைப்பட்டாராம். ஆகவே சர்வோத்தமர் என்ற பெரியவர் மந்திரியானார். பாதி ஊர்களுக்கு இனிப் பெண்களே தலைவியாக வேண்டும் என்பது அவருடைய முதல் ஆணை.

ஏந்தலூர் அந்தப் பாதியில் விழுந்தது.

அதுவரை அந்த ஊருக்குத் தலைவராக இருந்தவர் அம்பலவாணன். செய்தி வந்த அன்று அவர் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பிறகு தன் மனைவி தையல்நாயகியைத் திரும்பிப் பார்த்தார். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். அவர் முகம் மெல்லத் தெளிந்தது. பேர் மட்டும்தான் உன்னுடையது, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தையல்நாயகி சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று அவரும் காத்திருக்கவில்லை.

தேர்தலில் அவள் வென்றாள். மாலை அவர் கழுத்தில் விழுந்தது. ஊர்ச்சபையில் அவர் நாற்காலியில் உட்கார, அவள் உள்ளறையில் உட்கார்ந்து, கூப்பிட்டபோது வந்து முத்திரை வைத்துவிட்டுப் போனாள். பெண் தலைமை வந்த எல்லா ஊரிலும் இதேதான் நடந்தது.

இதைக் கேள்விப்பட்ட சர்வோத்தமர் கொதித்துப்போனார். தலைவியின் கணவனுடைய நிழல்கூட ஊர்ச்சபையின் மேல் விழக் கூடாது என்று இரண்டாவது ஆணை வந்தது. அம்பலவாணன் சபைக்கு எதிரே வேப்பமரத்தடியில் நின்று, வெயில் சாயச் சாயத் தன் நிழலை அளந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார்.

அது கோடைக்காலம். அந்தக் கோடை முழுவதும் தையல்நாயகி நிஜமாகவே தலைவியாக இருந்தாள்.

முதல் நாள் சபையில், ஏரிக்கரையில் புளியமரத்தடியில் விரிசல் இருக்கிறது, மண் அடிக்க வேண்டும் என்று சொன்னாள். சொல்லிவிட்டு யார் சிரிப்பார்கள் என்று பார்த்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் எழுந்து மண்வெட்டி எடுக்கப் போனார்கள். அன்று வீடு திரும்பும் வழியில், தான் சொன்ன அதே வார்த்தைகளை அவள் மெதுவாக இன்னொரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அவளுக்கு ஏரியைப் பற்றிய பயம் ஒன்று எப்போதும் உண்டு. தங்கை காத்தாயி வாழ்க்கைப்பட்டிருந்தது கீழத்தெருவில். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்குக் கரையில் கலங்கல் என்று ஒரு வாசல் உண்டு. அதைப் பலகை போட்டு அடைத்திருப்பார்கள். பலகையைத் தூக்கினால் தண்ணீர் ஓடையில் இறங்கி ஊரைத் தொடாமல் போய்விடும். ஆனால் அந்த ஓடை இருந்த இடத்தில் இப்போது ஓடை இல்லை. ஊரில் பெரிய நிலக்காரரான கோதண்டம் அதில் வாழை வைத்திருந்தார்.

வாழையை எடுத்துவிடுங்கள் என்று தையல்நாயகி சபையில் சொன்னாள். கோதண்டம் எழுந்து நின்று கும்பிட்டு, தலைவி சொன்னால் சரி என்றார். போகிற வழியில் வேப்பமரத்தடியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாளில் பல ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து மந்திரியைப் பார்த்தார்கள். பெண் தலைவிகள் படும் பாட்டைக் காணச் சகிக்கவில்லை என்றார்கள். பேசிப் பேசி அவர்களுக்குத் தொண்டை கட்டுகிறது, வீட்டில் சோறு குழைகிறது என்றார்கள். சர்வோத்தமருக்குக் கண் கலங்கியது. மூன்றாவது ஆணையை அவரே ஏந்தலூருக்கு வந்து படித்தார்.

"பெண்களின் தலைமையைக் காக்க வேண்டுமானால் முதலில் அவர்களின் தொண்டையைக் காக்க வேண்டும். இன்று முதல் ஒவ்வொரு தலைவிக்கும் அரசு ஒரு குரலை நியமிக்கிறது. குரல் சொல்வதே தலைவியின் சொல். தலைவி தாமாகப் பேசுவதெல்லாம் வீட்டுப் பேச்சாகக் கருதப்படும்."

தலைவியின் மனதை நன்றாக அறிந்தவரே குரலாக இருக்க முடியும் என்பதால், அந்த வேலை கணவர்களுக்குத் தரப்பட்டது. நிழல் ஆணை கணவனுக்குத்தானே ஒழிய குரலுக்கு இல்லை. அம்பலவாணன் வேப்பமரத்தடியிலிருந்து நேராக நாற்காலிக்கு வந்தார். அடுத்த சபையில் தையல்நாயகி வாழையை ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று கேட்டாள். குரல் எழுந்து, வாழை இருக்கட்டும் என்று தலைவி கருதுகிறார் என்றது.

அன்று வீட்டில் அவள் அவரிடம் கேட்டாள். கோதண்டம் இல்லாவிட்டால் இந்த ஊரில் தன்னை யார் மதிப்பார்கள் என்று அவர் திருப்பிக் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதுதான் அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

ஐப்பசி பிறந்தது. மழை தொடங்குகிற அதே வாரத்தில் நான்காவது ஆணையும் வந்தது. தலைவிகள் எல்லாரும் தலைமைப் பயிற்சிக்காகத் தலைநகரம் வர வேண்டும். அழைத்துப்போக வண்டியும் காவலரும் வாசலில் நின்றார்கள்.

தலைநகரில் ஒரு பெரிய மண்டபத்தில் நாடு முழுவதிலிருந்தும் வந்த தலைவிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவை கசங்காமல் குத்துவிளக்கு ஏற்றுவது எப்படி, சால்வை போர்த்தும்போது எந்தப் பக்கம் தலை சாய்ப்பது, பிறர் பேசும்போது முகம் வாடாமல் புன்னகைப்பது எப்படி என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். கூரைமேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தையல்நாயகிக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இங்கே இப்படிப் பெய்தால் அங்கே ஏரி எவ்வளவு ஏறியிருக்கும் என்றே மனம் கணக்குப் போட்டது. பக்கத்தில் இருந்த ஒரு தலைவி, உங்கள் ஊரிலும் ஏரியா என்று உதடு அசையாமல் கேட்டாள்.

சர்வோத்தமர் பார்வையிட வந்தபோது தையல்நாயகி எழுந்து நின்றாள்.

"ஐயா, எங்க ஏரி ரொம்பிடும். கலங்கலைத் திறக்கணும். என்னை அனுப்பி வையுங்க."

"தங்கள் அக்கறையை மெச்சுகிறேன்," என்றார் அவர். "ஆனால் நெருக்கடியில் முடிவெடுப்பது எப்படி என்ற பாடம் நாளைதான் இருக்கிறது. அதைக் கற்காமல் தாங்கள் எப்படி முடிவெடுப்பீர்கள்?"

மறுநாள் விடிகிற நேரத்தில், தலைநகருக்கு எண்ணெய் கொண்டுவந்து திரும்பிய ஒரு வண்டியில் அவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வழி நெடுகப் பாலங்களுக்கு மேலே தண்ணீர் ஓடியது. வண்டிக்காரரிடம் கொஞ்சம் விரட்டுங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் மாட்டை இதற்கு மேல் அடிக்க முடியாது என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஊர் வந்து சேர்ந்தபோது பிற்பகல். ஏரி விளிம்புவரை நின்றது. புளியமரத்தடியில் அடித்த மண் ஊறி, கரையின் அடியில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. கீழத்தெருவில் காத்தாயி குழந்தைகளைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

கலங்கலில் பலகை போட்டபடி இருந்தது. காவலாளி இருசன் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"குரல் சொல்லாம பலகையைத் தொட்டா என் கையை எடுத்துடுவாங்கம்மா," என்றான்.

குரல் சற்றுத் தள்ளிக் கரைமேல் கோதண்டத்தோடு ஒரே குடைக்குள் நின்றது. தையல்நாயகி சேற்றில் வழுக்கி வழுக்கி அங்கே போனாள்.

"என்னங்க, திறக்கச் சொல்லுங்க."

அம்பலவாணன் அவளைப் பார்த்துத் திடுக்கிட்டார். கோதண்டத்தைப் பார்த்தார். "நாளைக்கு வாழைத்தாரை வெட்டிடுவாராம். ஒரு ராத்திரி பொறு, நாயகி."

"நான் பொறுக்கறேன். கரை பொறுக்குமா?"

குடை விளிம்பிலிருந்து தண்ணீர் அம்பலவாணன் தோளில் விழுந்துகொண்டிருந்தது. அவர் நகரவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று அவள் காத்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அந்த மனிதரை அவள் இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பிறகு திரும்பி நடந்தாள்.

"இருசா, பலகையைத் தூக்கு. நான் சொல்றேன்."

இருசன் அசையவில்லை. அவனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். தையல்நாயகி புடவையைச் செருகிக்கொண்டு தானே கலங்கலில் இறங்கினாள். தண்ணீர் இடுப்பில் மோதித் தள்ளியது. பலகையைப் பிடித்து இழுத்தாள், அது அசையவேயில்லை. காத்தாயி குழந்தையை இருசன் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். கீழத்தெருப் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கடைசியில் இருசனும் குழந்தையை யாரிடமோ கொடுத்துவிட்டு வந்தான். பலகை ஒரு முனகலோடு மேலே வந்தது.

தண்ணீர் வாழைக்குள் பாய்ந்தது. தாரோடும் கன்றோடும் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போனது. அந்தி மங்குவதற்குள் ஏரி ஒரு சாண் இறங்கிவிட்டது. கரை நின்றது. கீழத்தெருவும் நின்றது.

மழை விட்டதும் சர்வோத்தமர் விசாரணைக்கு வந்தார். வாழை போன வழக்காக இருக்கும் என்று ஊர் நினைத்தது. அவர் கொண்டுவந்த குற்றச்சாட்டு வேறு.

"அன்று கரையில் ஒரு பெண் தன்னைத் தலைவி என்று காட்டிக்கொண்டு உத்தரவு போட்டிருக்கிறாள். தலைவியின் குரல் அங்கேயே நின்றும் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆகவே பேசியது தலைவி அல்ல. மேலும், எல்லாத் தலைவிகளும் அந்நேரம் பயிற்சியில் இருப்பதாக நானே மன்னரிடம் அறிவித்திருக்கிறேன். மந்திரி மன்னரிடம் சொன்னது பொய்யாக இருக்க முடியாது. எனவே இது ஆள்மாறாட்டம்."

தையல்நாயகி எழுந்து, நான்தான் தலைவி என்றாள். இதுவும் வீட்டுப் பேச்சு என்று மந்திரி அதை ஒதுக்கிவிட்டு, குரலைக் கேட்டார். இந்தப் பெண் யார்?

அம்பலவாணன் எழுந்து நின்றார். மனைவியின் காலடியைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை.

"என் மனைவி," என்றார். பிறகு, "மற்றபடி மந்திரி சொல்வது சரியாகத்தான் இருக்கும்."

அவள் இனி ஊர்ச்சபைக்குள் நுழையக் கூடாது, பொது இடத்தில் பேசக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் தலைவியை யாரும் நீக்கவில்லை. பெண் தலைவியை நீக்கும் கொடுமை தன் காலத்தில் நடக்காது என்று சர்வோத்தமர் உறுதியாகச் சொன்னார். தலைவியின் நாற்காலிக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு வைத்தார்கள். பக்கத்தில் குரல் உட்கார்ந்து, தலைவி கருதுவதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏற்பாடு வியக்கத்தக்க வகையில் நடந்தது. நாற்காலிக்குத் தொண்டை கட்டவில்லை. நாற்காலி வீட்டில் சோறு குழையவில்லை. இதைக் கேள்விப்பட்ட மற்ற ஊர்களும் இதே ஏற்பாட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டன. ஆண் தலைவர்கள் இருந்த பாதி ஊர்களும் நமக்கும் பெண் தலைமை வேண்டும் என்று முன்வந்தன. ஒரே வருஷத்தில் புங்கநாட்டில் பெண் தலைமை இல்லாத ஊரே இல்லை என்றாகிவிட்டது. அண்டை நாட்டு ராணி வாழ்த்து அனுப்பினார். அவரவர் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றி அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தையல்நாயகி கீழத்தெருவில் தங்கையோடு இருந்தாள். அம்பலவாணன் ஓரிரு முறை வந்து வாசலில் நின்றார், அவள் தண்ணீர் கொடுத்தாள், அவர் குடித்துவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு முன்னால் அவள் ஓடைப்பக்கம் போய்ப் பார்த்தாள். புது வாழைக்கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. அதன் பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

நாட்டிலேயே சிறந்த பெண் தலைமை என்று ஏந்தலூருக்குப் பட்டம் கிடைத்தது. நாற்காலியைப் பல்லக்கில் ஏற்றி ஊர்வலம் கொண்டுவந்தார்கள். முன்னால் மேளம், பின்னால் குரல், அதற்கும் பின்னால் கோதண்டம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் தெருவில் நின்று பூப்போட வேண்டும் என்பது உத்தரவு. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் விழுந்தது. தையல்நாயகி பூத்தட்டைக் காத்தாயியிடம் கொடுத்துவிட்டுத் தெரு நடுவில் போய் நின்றாள்.

காவலன் தடியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"பொம்பளைங்கல்லாம் ஓரமா போங்க. தலைவியம்மா வர்றாங்க."

அவள் போகவில்லை. மேளம் நெருங்கியது. பின்னால் யாரோ தெருவில் இறங்கும் காலடி கேட்டது. பிறகு இன்னொன்று. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கலங்கல் காவலை இழந்து பல்லக்குத் தூக்கியாகியிருந்த இருசன் முன்னால் வந்துகொண்டிருந்தான். அவன் அவளைப் பார்த்துவிட்டு, நடையைத் தளர்த்தினான்.