மகளின்ர இன்டர்வியூவுக்கு நான் போன கதை

போன மாசம் ஒரு சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மகளைக் கொண்டுபோய் ஒரு பேக்கரியில இறக்கிவிடுறது.

மகளுக்குப் பதினேழு வயசு. அங்க சனிக்கிழமை வேலைக்கு இன்டர்வியூ. லண்டனில மிச்சம் எண்ட இடத்து ட்ராம் ஸ்டொப்புக்குப் பக்கத்தில, வீட்டிலயிருந்து பத்து நிமிசம். இறக்கிவிட்டிட்டுப் பேசாமல் வந்திருந்தா இந்தப் பதிவே வந்திருக்காது.

அதுக்கு முதல் மாசம் நான் இஞ்ச எழுதினது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "இந்தக் காலத்துப் பிள்ளையள் ஏன் பார்ட் டைம் வேலைக்குப் போறேல்லை? சோம்பல்." நான் லண்டனுக்கு வந்த புதுசில காலமை பேப்பர் போட்டு, பின்னேரம் பெற்றோல் ஷெட்டில நிண்டு படிச்ச வீரக்கதையும் அதிலதான் இருந்தது. லைக் அள்ளிக்கொண்டு போச்சு.

மகளும் வாசிச்சிருக்கிறா. அடுத்த நாளே வேலைக்கு அப்ளை பண்ணத் தொடங்கிட்டா.

என்ர காலத்தில கடைக்குள்ள போய் "ஆள் வேணுமோ?" எண்டு கேட்டன். "நாளைக்கு வா" எண்டாங்கள். அதுதான் இன்டர்வியூ. இவவுக்குக் கோப்பை கழுவுற வேலைக்கு ஒன்லைனில நாப்பது கேள்வி. "நீங்கள் ஒரு நிறமா இருந்தா என்ன நிறம்?" எண்டுகூடக் கேட்டிருக்கு. முப்பது இடத்துக்குப் போட்டு ஒரு இடம்தான் கூப்பிட்டது.

காரால இறங்கேக்க மகள் சொன்னா, "அப்பா, ப்ளீஸ். உள்ள வராதேங்கோ."

"நான் ஏன் வாறன்?"

பிறகு பார்த்தா பின் சீற்றில ஒரு பெட்டி. என்ர மனிசி விடிய எழும்பிப் பொரிச்ச ரோல்ஸ். "முதன்முதல் போற இடத்துக்கு வெறுங்கையோடயே போறது?" எண்டு தந்துவிட்டவ. சரி, குடுத்திட்டு ஓடி வருவம் எண்டு உள்ள போனன்.

பேக்கரிக்குத் தின்பண்டம் கொண்டுபோன முதல் ஆள் நானாத்தான் இருப்பன்.

மனேஜர் ஜேனட்டுக்கு என்ர வயசிருக்கும். பெட்டியைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. மகள் நிலத்தைப் பார்த்தா. "இருங்கோ" எண்டு ஜேனட் ஒரு மரியாதைக்குச் சொன்னா. நான் இருந்திட்டன்.

"ஏன் இஞ்ச வேலை செய்ய விரும்புறீங்கள்?" அவ மகளிட்டக் கேட்டா.

"சரியான பொறுப்பான பிள்ளை," நான் சொன்னன்.

"கஸ்டமர் கத்தினா என்ன செய்வீங்கள்?"

"பொறுமையாக் கேப்பா. வீட்டில என்னட்ட நல்ல பழக்கம்."

ஜேனட் ஒரு தாளை எடுத்தா. ஏழு நாளும் கட்டம் கட்டமாப் போட்டிருக்கு. வர ஏலாத நேரத்தை வெட்டச் சொன்னா. பேனையை நீட்டினது மகளுக்கு. வாங்கினது நான்.

சனி காலமை தமிழ்ப் பள்ளிக்கூடம், வெட்டினன். மத்தியானம் வயலின், அதையும் வெட்டினன். பிறகு மற்ஸ் ரியூசன். ஞாயிறு கெமிஸ்ற்ரி, அதோட டான்ஸ். மற்ற நாளெல்லாம் பள்ளிக்கூடமும் ஹோம்வேர்க்கும். மே, ஜூன் சோதினை, அப்ப கேக்கவே வேண்டாம் எண்டு பக்கத்தில எழுதியும் விட்டன்.

மிஞ்சினது ஞாயிறு நாலரைக்குப் பிறகு.

"நாங்கள் நாலு மணிக்குப் பூட்டிடுவம்," ஜேனட் சொன்னா. தாளைத் திரும்பவும் பார்த்தா. "இந்தப் பிள்ளை எப்ப நித்திரை கொள்ளுறவ?"

அதுக்கும் நான்தான் வாயைத் திறந்தன். மகள் என்ர கையிலயிருந்து பேனையை எடுத்தா. கண் கலங்கியிருந்தது.

"முப்பது இடத்தில இது ஒண்டுதான் கூப்பிட்டது, அப்பா."

ஜேனட்டிட்டப் புதுத் தாள் ஒண்டு கேட்டு வாங்கினா. சனிக்கிழமைக் கட்டம் ஒண்டையும் அவ வெட்டேல்லை.

எனக்குச் சரியான வெக்கமாப் போச்சு. சோம்பலெண்டு எழுதின ஆள்தான் அந்தப் பிள்ளையின்ர கிழமையை முழுக்க அடைச்சு வச்சிருக்கிறன். அந்த வயசில நான் ரெண்டு வேலை செய்தது கெட்டித்தனத்தால இல்லை. என்னை வயலினுக்கு அனுப்ப இஞ்ச ஒருத்தரும் இருக்கேல்லை.

வேலை கிடைச்சிட்டுது. "ஒரு கொண்டிஷன்," ஜேனட் சொன்னா. "அப்பா வெளியில நிக்கோணும்." ரோல்ஸ் பெட்டி மட்டும் உள்ள நிண்டிட்டுது.

தமிழ்ப் பள்ளிக்கூடத்தில ஒரு வருசம் லீவு தந்தினம். மற்ஸ் வாத்தியார் நேரம் மாத்தித் தந்தார். வயலின் ரீச்சர்தான் மசியேல்லை.

"வேற நேரம் ஏலாது அண்ணை. கட்டின மூண்டு மாச ரேர்ம் காசும் திரும்பாது. வேணுமெண்டா வீட்டில வேற ஆரையும் அனுப்புங்கோ."

இப்ப சனிக்கிழமையில மகள் வேலைக்குப் போறா, வயலினுக்கு நான் போறன்.