நவமியோடு முடிகிற ஆஃபர்

டி.வி. அலமாரியின் இரண்டாவது தட்டு காலியாக இருந்தது.

கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். காலிதான். ரிமோட் இருந்தது, கரண்ட் பில் இருந்தது, கையில் பிடித்து ஆடுகிற கேம் கன்சோல் மட்டும் இல்லை.

"சாவித்ரி, இங்க இருந்த கேம் எங்கே?"

"பூஜைக்கு வெச்சாச்சு." சுண்டலுக்குக் கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே சமையலறையிலிருந்து பதில் வந்தது.

அன்று துர்காஷ்டமி. கேரளத்தில் இவர்கள் குடியிருக்கிற ஸ்ரீவராகம் தெருவில் எல்லா வீட்டிலும் அன்று சாயங்காலம் இதுதான் நடக்கும். புத்தகங்களையும் தொழில் சாமான்களையும் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, பட்டுத் துணியால் மூடி, பூவைப் போட்டுவிடுவார்கள். நடுவில் நவமி முழுநாளும் படிப்பு கிடையாது, வேலை கிடையாது. விஜயதசமி காலையில் பூஜை முடித்து எடுக்கிறவரை அதை யாரும் தொடக் கூடாது. இதில் கல்யாணராமனுக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. சின்ன வயதில் கணக்குப் புத்தகத்தைப் பூஜையில் வைக்க முதல் ஆளாக எடுத்துக்கொண்டு ஓடியவர் அவர்.

ஆனால் இந்த வருஷம் அவருக்கு அது சரிப்பட்டு வரவில்லை. காரணம், தம்பானூர் கடையின் எக்ஸ்சேஞ்ச் ஆஃபர். பழைய கன்சோலைக் கொடுத்தால் புது மாடல் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும். ஆஃபர் நவமி இரவு எட்டு மணியோடு முடிகிறது.

அந்தக் கன்சோல் மகள் ஜானவி விட்டுப்போனது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வேலை கிடைத்து ஜெர்மனிக்குப் போனவள், "வெச்சுக்கோப்பா, பொழுது போகும்" என்று கையில் கொடுத்துவிட்டுப் போனாள். பொழுது என்னவோ நன்றாகத்தான் போயிற்று. சாயங்காலம் காபி ஆனதும் அதில் கல்யாணராமனுக்கு ஒரு சின்னப் பண்ணை. தக்காளி போடுவார், தண்ணீர் விடுவார், குளத்தில் மீன் பிடிப்பார். பிடித்த மீனைத் திரும்பக் குளத்திலேயே விட்டுவிடுவார், ஆசாரம்.

சமீப காலமாகப் பண்ணையில் நிம்மதி இல்லை. பொத்தான் தேய்ந்துபோய், கை வைக்காமலே விவசாயி தானாக நடந்து குளத்தில் இறங்கினான். காலையில் முழுசாகச் சார்ஜ் போட்டுவிட்டு ஆபீஸ் போனால், சாயங்காலம் பேட்டரி பாதிக்கும் கீழே கிடந்தது. எழுத்துகள் கடுகு அளவு. போன வாரம் பூசணி என்று நினைத்து அவர் வாங்கியதெல்லாம் வேலிக் கம்பி.

புது மாடலில் திரை பெரிது. எழுத்தும் பெரிது. வாங்குவதா, வேண்டாமா? கல்யாணராமன் இதை நாலு மாதம் யோசித்தார். அவருடைய சுபாவம் அப்படி. இருபத்தெட்டு வருஷ சர்க்கார் சேவையில் எந்த ஃபைலிலும் அவர் சொந்தமாக ஒரு முடிவு எழுதியது கிடையாது. 'மேலிடத்தின் பார்வைக்கு' என்று எழுதி நகர்த்திவிடுவார். வீட்டில் மேலிடம் சாவித்ரி. அவளோ, "இருக்கறது நன்னாத்தானே ஓடறது? அம்பத்திநாலு வயசுல இன்னும் பொம்மை மாத்தணுமா?" என்று அந்த ஃபைலை நாலு தடவை திருப்பி அனுப்பிவிட்டாள்.

இன்று மத்தியானம் ஆபீஸ் கேன்டீனில் பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜியைக் கடித்தபோது திடீரென்று அவருக்குத் துணிச்சல் வந்தது. பேப்பரில் தான் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்த விளம்பரத்தை நினைத்துக்கொண்டார். யாரையும் கேட்காமல் கடைக்குப் போன் பண்ணி, லிஜோ என்கிற சேல்ஸ்மேனிடம், "ஒரு பீஸ் எடுத்து வை, நாளைக்கு வரேன்" என்று சொல்லிவிட்டார். வாழ்க்கையில் முதல் முடிவு. சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு பழம்பொரி சாப்பிட்டார்.

அந்த முடிவு இப்போது பட்டுத் துணிக்கு அடியில் கிடந்தது.

"சாவித்ரி, அது பொம்மைன்னு நீதானே சொல்லுவே? பொம்மையை எதுக்குப் பூஜைல வெக்கணும்? புஸ்தகமும் இல்லை, ஆயுதமும் இல்லை."

சாவித்ரி கரண்டியோடு வாசற்படியில் வந்து நின்றாள். "ஆபீஸ் வேலையை விட அதைத்தானே சிரத்தையாப் பண்றேள்? உங்க ஆயுதம் அதுதான்."

"அப்படிப் பார்த்தா இந்த ஆத்துல எல்லாமே ஆயுதம்தான். ஸ்கூட்டர்கூட ஆயுதம். அதையும் தூக்கி வெச்சுடேன்!"

கிண்டலாகத்தான் சொன்னார். சாவித்ரி ஒரு நிமிஷம் யோசித்தாள்.

"நீங்க சொல்றது வாஸ்தவம்," என்று ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். சாவியும் பட்டுத் துணிக்கு அடியில் போயிற்று. அவருடைய ஆபீஸ் பேனாவும், வாசிக்கிற கண்ணாடியும் பின்னாலேயே போயின. செல்போனை மட்டும், ஜானவி கூப்பிடுவாள் என்று விட்டுவைத்தாள்.

மறுநாள் காலையில் சாவித்ரி குளிக்கப் போன சமயம் பார்த்துப் பூஜை அறைக்குப் போனார். பட்டுத் துணியின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்தார். உள்ளே சந்தனப் பொட்டோடு கன்சோலின் ஒரு மூலை தெரிந்தது. ஐந்தாவது படிக்கும்போது நவமியன்று திருட்டுத்தனமாகப் பம்பரத்தை எடுத்து ஆடியதும், அந்த வருஷக் கணக்குப் பரீட்சையில் ஒன்பது மார்க் வாங்கியதும் ஞாபகத்துக்கு வந்தன. துணியை இழுத்து மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

தொட வேண்டியதில்லை, முறையாக அனுமதி வாங்கினால் போயிற்று என்று தோன்றியது. சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு எங்கேயும் ஒரு விதிவிலக்கு உண்டு என்கிற நம்பிக்கை இருந்தது. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் சட்டையை மாட்டிக்கொண்டார்.

"வாத்தியாராத்து வரைக்கும் போயிட்டு வரேன்."

"மெதுவாப் போயிட்டு வாங்கோ, ஒண்ணும் அவசரமில்லை," என்று சாவித்ரி அன்பாக வழியனுப்பினாள்.

ராமசுப்ரமணிய வாத்தியார் பக்கத்துத் தெரு. கல்யாணராமன் போனபோது மணி ஒன்றே முக்கால். வாத்தியார் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய குறட்டையை முக்கால் மணி நேரம் கேட்ட பிறகுதான் விஷயத்துக்கு வர முடிந்தது.

"வெச்ச சாமான்ல ஒண்ணை மட்டும் முன்னாடி எடுக்கலாமா வாத்தியார்?"

"எடுக்கப்படாது. என்ன சாமான்?"

"ஒரு மெஷின்."

"என்ன மெஷின் ஓய்?"

தக்காளித் தோட்டத்தைப் பற்றி வாத்தியாரிடம் எப்படிச் சொல்வது? "அது... மனசு படபடன்னு வந்தா, சாயங்காலம் கையில எடுத்துப் பார்ப்பேன். சரியாயிடும்."

வாத்தியார் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "பிரஷர் பாக்கற மெஷினா?"

கல்யாணராமன் மெல்லத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் அவருக்கு வினையாயிற்று.

"ஆபத்துக்குத் தோஷமே கிடையாது! சொல்லப்படாதோ? நானே வந்து எடுத்துத் தரேன், வாரும்!" என்று அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாத்தியார் முன்னால் நடந்தார். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு பேரிடம், "கல்யாணராமனுக்குப் பிரஷராம்" என்று சொல்லிக்கொண்டும் போனார்.

கதவைத் திறக்கச் சாவித்ரிக்கு வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரமாயிற்று.

"ஏம்மா, இவருக்குப் பிரஷர்னு எங்கிட்ட சொல்லவே இல்லையே? மெஷினை வேற பூஜைல வெச்சுட்டே!"

"பிரஷர் மெஷினா? நம்மாத்துல ஏது?" சாவித்ரி கணவரைப் பார்த்தாள். கல்யாணராமன் மின்விசிறியைப் பார்த்தார்.

"மெஷினே இல்லையா? அப்போ மனுஷருக்குத் தலை சுத்தித்தான் பேசறார்," என்று வாத்தியார் முடிவுகட்டி, பக்கத்து வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பக்கத்து வீட்டு அஜிதா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள் நிஜமான மெஷினோடு வந்து, கல்யாணராமனின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். வாத்தியார் ஒரு பக்கம், சாவித்ரி ஒரு பக்கம், எட்டு மணி ஆஃபர் மண்டைக்குள். பிரஷர் ஏறாமல் என்ன செய்யும்?

"ஐயோ சாரே, நூத்தி அறுபது! நல்லா ரெஸ்ட் எடுக்கணும் கேட்டோ. உப்பு தொடக் கூடாது."

சாவித்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்கிட்ட ஏன்னா சொல்லலை? ரெண்டு பேர்தானே இருக்கோம் இந்த ஆத்துல, ஒருத்தருக்கு ஒருத்தர் ஒளிப்பாளா?"

கல்யாணராமனுக்கு நிஜமாகவே வெட்கமாக இருந்தது. ஒரு விளையாட்டுச் சாமானுக்காக இவளை அழவைத்துவிட்டோமே என்று தன்மேலேயே கோபம் வந்தது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். "பேசாதேள், ஏறிடும்," என்று சாவித்ரி போர்வையை இழுத்து மூடிவிட்டாள்.

சாயங்காலம் வடை வந்தது, மற்றவர்களுக்கு. சர்க்கரைப் பொங்கலும் வந்து போயிற்று. கல்யாணராமனுக்கு உப்பில்லாத கஞ்சி.

ஆறு மணிக்குப் போர்வைக்குள்ளேயே தலையை மூடிக்கொண்டு கடைக்குப் போன் பண்ணினார்.

"லிஜோ, கல்யாணராமன் பேசறேன். இன்னிக்கு வர முடியாதுப்பா. அந்தப் பீஸை வேற யாருக்காவது கொடுத்துடு." முதல் முடிவு இப்படியா போக வேண்டும்?

"எந்தா சாரே, அழற மாதிரி பேசறீங்க? இன்னிக்கு வந்தாலும் தர முடியாது. முதலாளி பில் போடற மெஷினைப் பூஜைக்கு வெச்சிட்டாரு! ஆஃபரை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நீட்டியாச்சு. காலையிலே வாங்க."

கல்யாணராமன் போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். பிரஷர் அந்த நிமிஷமே இறங்கியிருக்கும், பார்க்கத்தான் அஜிதா இல்லை. ஆஃபர் நீண்டதைச் சாவித்ரியிடம் சொல்லலாமா என்று யோசித்தார். வேண்டாம், முடிவு என்று எடுத்தாயிற்று, இதையாவது மேலிடத்துக்கு அனுப்பாமல் முடிப்போம் என்று கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தார்.

விஜயதசமி காலையில் பூஜை முடிந்தது. பட்டுத் துணியை எடுத்து மடித்த சாவித்ரி, கன்சோலைத் தானே அவர் கையில் கொடுத்தாள். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி.

"இந்தாங்கோ, உங்க ஆயுதம். இனிமே இதை வெச்சுண்டு சந்தோஷமா இருங்கோ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

கல்யாணராமனுக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவ்வளவு நல்லவளிடம் மறைக்கிறோமே என்றும் இருந்தது. ஆனாலும், "கோயிலுக்குப் போயிட்டு வந்துடறேன்," என்று கன்சோலைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கூட்டர் சாவியையும் மீட்டுக்கொண்டு கிளம்பினார். வரும்போது பெரிய திரையைக் காட்டி அவளையும் பக்கத்தில் உட்கார்த்தித் தக்காளித் தோட்டத்தைக் காட்டலாம். பிடிக்காமலா போகும்?

தம்பானூர் கடையில் பில் மெஷின் சந்தனப் பொட்டோடு வேலைக்கு வந்திருந்தது. லிஜோ புது மாடலைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். அந்தத் திரையின் அகலத்தைப் பார்த்ததுமே கல்யாணராமனுக்குப் பத்து வயது குறைந்தது. லிஜோ பழையதை உயிர்ப்பித்து, ஓரத்துக் குங்குமத்தைத் துடைத்தான்.

"இதில உள்ளதை எல்லாம் புதுசுக்கு மாத்தணும், அல்லே சாரே? கல்யாண்னு ஒரு அக்கவுண்ட் இருக்கு, இருநூத்திப் பத்து மணி நேரம். அது சார்தானே?"

"நான்தான்," என்றார் கல்யாணராமன், அந்த மணிக்கணக்கில் கொஞ்சம் பெருமையோடு.

"இன்னொண்ணும் இருக்கே. ஜானவின்னு."

"அது என் பொண்ணுது. அவ ஜெர்மனிக்குப் போய் ரெண்டு வருஷமாச்சு. அங்கே வேற வாங்கிண்டுட்டா. அதை அழிச்சுடு," என்றார் கல்யாணராமன். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. முடிவெடுப்பது பழகிவிட்டால் எவ்வளவு சுலபம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

லிஜோ பொத்தான்மேல் வைத்த விரலை அழுத்தாமல், திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"வீட்டில ஒருதடவை கேட்டுட்டு அழிக்கலாம் சாரே. இதில அறுநூத்தி நாப்பது மணி நேரம் ஆடியிருக்கு, கடைசியா ஆடினது நேத்து மத்தியானம் ரெண்டே முக்காலுக்கு."