கனெக்‌ஷன் பாய் வாய் திறந்த நாள்

ஓசூரில் வாய்ப்பூட்டுக்கு ஒரு போட்டி வைத்தால் முதல் பரிசு எங்கள் கனெக்‌ஷன் பாய்க்குத்தான். பரிசு எதற்கு என்று வீட்டில்கூடச் சொல்ல மாட்டார்.

தொழிற்சாலைகளுக்கு இணையப் பக்கம் செய்துதரும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. பி.எச்.பி. என்ற கணினி மொழியில் நாங்கள் எத்தனை வரி எழுதினாலும், அது டேட்டாபேஸோடு பேச நாலு வரி வேண்டும்: எந்த சர்வர், எந்த டேட்டாபேஸ், யார் பெயரில், என்ன பாஸ்வேர்டு. இதற்குப் பெயர்தான் கனெக்‌ஷன்; கடைசி வரி பாய் கையால்தான். அடிக்கும்முன் எல்லோரையும் வெளியே அனுப்புவார், முதலாளி உட்பட. போனில் மூச்சு விடமாட்டார். ஏன் என்று கேட்டால்:

“கன்னடத்துல சொன்னா அவனுக்குப் புரியுது, தெலுங்குல சொன்னா இவனுக்குப் புரியுது. இந்த ஊருல ரகசியம் பேச ஒரு பாஷையாவது மிச்சம் இருக்குதா தம்பி?”

அஞ்செட்டிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். வேலை நிரந்தரம் என்ற செய்திக்காக அப்பா காத்திருந்தார். “குருபரப்பள்ளி கம்பெனில லோடு பதியற பக்கம் ஓடிட்டா நீ பர்மனெண்ட். இல்லன்னா வேற இடம் பாத்துக்கோ” என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அங்கே போனால் பாஸ்வேர்டு வரி காலி. பாய்க்குப் போன் போட்டேன். “வர்றேன்” என்றவர் பஸ் பிடித்து வந்தே விட்டார். கம்பெனி மேனேஜரை அவருடைய அறையிலிருந்தே வெளியேற்றிவிட்டுப் பாஸ்வேர்டை அடித்தார். அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி அடித்தார். மறுபடியும் இல்லை.

“எந்த முட்டாப்பய இப்படிப் பூட்டி வச்சான்?”

சிறிது யோசித்தார். மெல்ல உட்கார்ந்தார். “நான்தான் தம்பி.”

நம் ஆபீஸைத் தவிர வேறெங்கிருந்து வந்தாலும் உள்ளே விடாதே என்று சர்வருக்கு அவரே கட்டளை போட்டிருந்தார். மாற்ற வேண்டுமானால் ஆபீஸில் யாராவது தலைமைப் பாஸ்வேர்டை அடிக்க வேண்டும். அங்கே முதலாளி மட்டும்தான் இருந்தார். அவருக்கு அது தெரியாது.

வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன. மேனேஜர் எட்டிப் பார்த்தார். “ஏம்பா, ஆவுமா ஆவாதா? உங்க முதலாளிகிட்ட நானே பேசிக்கட்டுமா?”

பாய் என் முகத்தைப் பார்த்தார். போனை எடுத்தார். உள்ளே சிக்னல் இல்லை. லோடு ஏற்றும் இடத்தின் நட்டநடுவே போய் நின்றார்.

“சார், அடிங்க. பெரிய எம்.”

“என்னா பாய்? கேக்கல.”

“எம்மு சார்! மைசூரு எம்மு!”

பொறுக்க முடியாத ஒரு லாரி டிரைவர் கையைக் குவித்துக்கொண்டு, “மைசூரு எம் அண்ட, சார்!” என்று போனுக்குள் தெலுங்கில் முழங்கினார். அடுத்த எழுத்துக்கு மூட்டை தூக்குகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஹேஷ் குறி வந்தபோது மூன்று மாநிலத்துக்கும் கேட்டிருக்கும். எந்தக் கட்டளையை அடிக்க வேண்டும் என்பதையும் அதே குரலில் சொல்லி முடித்தார்.

பக்கம் திறந்தது. முதல் லோடு பதிந்தது. “சாயங்காலமே பாஸ்வேர்ட மாத்திருவேன். எவனும் மனசுல வச்சுக்காதீங்க!” என்று எல்லோரையும் மிரட்டிவிட்டுக் கிளம்பினார்.

திரும்பும் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து குறட்டை விட்டார். சூளகிரியில் பாதி பஸ் காலியானது. நான் அசையவில்லை.