ஆமத்தூர்க் கேப்டன்

"அப்பத் திரும்பிருவோமா மாப்ளே?" என்று சங்கிலிமுத்து கேட்டபோது, மழை நாலு பக்கத்திலிருந்தும் அடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்விக்குள் எம்புட்டு சந்தோஷம் இருந்தது என்பது காசிராஜனுக்குத்தான் தெரியும்.

பம்பை ஆற்றின் நடுவே மோட்டார் படகு ஆடிக்கொண்டு நின்றது. நங்கூரக் கயிற்றை இழுத்ததில் படகுக்காரரின் வலது உள்ளங்கை கிழிந்துவிட்டது. காசிராஜனின் மனைவி சோலையம்மாள் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். பயணம் தொடங்கி அரை நாள்கூட ஆகவில்லை.

காசிராஜன் சிவகாசிக்கு அருகே ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். விஷு சீசனுக்கு ஆலப்புழைக்குப் போகவேண்டிய ஆர்டரைத் தூங்காமல் நின்று முடித்து, லோடு ஏற்றி அனுப்பியவர். சரக்கு வாங்கிய முதலாளி மனம் குளிர்ந்துபோய், "என் சொந்தப் படகைத் தாரேன். குடும்பத்தோட மூணு நாள் ஆத்துல வந்து, எங்க வீட்டுப் படித்துறைக் கடவுல இறங்குங்க" என்று அழைத்திருந்தார். கேரளத்தில் ஜூன் மாதம் எப்படியிருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை. விருதுநகர்க்காரர்களுக்கு ஜூன் என்றால் வெயில், அவ்வளவுதான்.

சங்கிலிமுத்து சோலையம்மாளின் அண்ணன். விருதுநகரில் மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். தங்கச்சிக்குக் கல்யாணமான நாளிலிருந்து, "நம்ம மாப்ள வெடிக்குத் திரி வைக்கிறாரு" என்றுதான் காசிராஜனை எல்லோருக்கும் அறிமுகப்படுத்துவார். தனக்கு வெளியூரில் இருக்கும் மரியாதையை அவர் கண்ணால் பார்க்கட்டும் என்றே காசிராஜன் அவரை வலியக் கூட்டிவந்திருந்தார். இப்போது திரும்பினால் இந்தக் கதை விருதுநகர் பஜாரில் பத்து வருஷத்துக்கு ஓடும்.

"திரும்புறதா? நான் ஓட்டுதேன்" என்றார் காசிராஜன்.

"நீங்களா? நம்ம ஊர்க் கம்மாய்ல முழங்காலுக்கு மேல இறங்க மாட்டீகளே!"

"கம்பெனி லோடு வேனை நான் ஓட்டலையா? ஸ்டீயரிங்னா எல்லாம் ஸ்டீயரிங்தான் மச்சான்."

படகுக்காரர் பதறி எழுந்தார். "சாரே, ஒரு காரியம். அந்தச் சக்கரம்..."

"நீங்க கையப் பாருங்க. மத்தத நான் பார்த்துக்கிடுதேன்."

படகின் முன்னால் ஸ்டீயரிங் சக்கரம், நடுவில் தார்ப்பாய் மறைப்புப் போட்ட சின்ன அறை, பின்னால் இஞ்சின். சோலையம்மாள் படகுக்காரரைக் கைத்தாங்கலாகப் பின்பக்கம் அழைத்துப்போனாள். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் உறுமியது. காசிராஜன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்தைப் பிடித்தார்.

முதல் வளைவு வந்தது. அவர் வலதுபக்கம் திருப்பினார். படகு இடதுபக்கம் போனது.

"என்ன மாப்ள, எதுக்கமா போகுது?"

"தண்ணில எல்லாம் எதிர்மாறு மச்சான். கண்ணாடில பாக்குற மாதிரி."

அடுத்த வளைவில் அந்தக் கணக்குப்படி இடதுபக்கம் திருப்பினார். படகும் இடதுபக்கமே போய், ஆகாயத்தாமரைக் கூட்டத்துக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது.

"இதுவும் கண்ணாடியா?"

"மழைத்தண்ணி கலந்தா கணக்கு மாறும்" என்றார் காசிராஜன், குரல் இறங்காமல்.

படகை வெளியே தள்ள மூங்கில் கழியை எடுத்துச் சேற்றில் ஊன்றினார். படகு அசையவில்லை. கழி மட்டும் சேற்றோடு தங்கிவிட்டது. எட்டிப் பிடிக்கப்போனதில் சட்டைப்பையிலிருந்த செல்போன் ஆற்றுக்குள் விழுந்தது.

"மத்த யாரு போன்லயும் சார்ஜ் இல்ல, இனி ஆளைக் கூப்பிடவும் வழியில்ல" என்றார் சங்கிலிமுத்து.

"ஏன் இல்ல? சிவகாசிக்காரன் கையில எதுக்கு வழியில்ல?"

முதலாளிக்குப் பரிசாகக் கொண்டுவந்த ராக்கெட் பெட்டியைப் பிரித்தார். மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து, அபாய அறிவிப்பாக ஒன்றைக் கொளுத்தினார். அது மேலே போய்ப் பச்சையும் சிவப்புமாகச் சிரித்தது. கரையிலிருந்த வீடுகளிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள்.

"வர்றாக பாருங்க!"

வந்தவர்கள் கரையிலேயே வரிசையாக நின்று கைதட்டினார்கள். குழந்தைகள் "இனியும்! இனியும்!" என்று கத்தின.

"இன்னும் விடச் சொல்லுதாக" என்றார் சங்கிலிமுத்து.

காசிராஜன் இன்னொன்று விட்டார். கைதட்டல் கூடியது. மூன்றாவதைப் பற்றவைக்கும்போது காற்று திரும்பியது. ராக்கெட் படகின் தார்ப்பாயைப் பொத்துக்கொண்டு போனது. அந்த ஓட்டை வழியாக மறுபடி மழை இறங்கியது, நேராகச் சங்கிலிமுத்துவின் படுக்கைமேல்.

அன்றிரவு சங்கிலிமுத்து குடை பிடித்தபடியே தூங்கினார்.

மறுநாள் காலை, தோணியில் வந்த இரண்டு பேர் படகை இழுத்துவிட்டார்கள். "நேத்து ரொம்ப நல்லா இருந்துச்சு" என்று பாராட்டிவிட்டும் போனார்கள். காசிராஜன் மறுபடி சக்கரத்தைப் பிடித்தார். மறுபடி படகு தன் இஷ்டத்துக்கு நெளிந்தது. பொறுமை போய், "ஏ, எடது பக்கம் போயேன்!" என்று தொண்டை கிழியக் கத்தினார்.

படகு இடதுபக்கம் போனது.

காசிராஜன் திகைத்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வலது!"

படகு பசுமாடுபோல வலதுபக்கம் திரும்பியது.

"மாப்ள..." சங்கிலிமுத்து வாயைப் பிளந்தார். "என்ன இது?"

"வாய்விட்டுச் சொல்லணும் மச்சான். சொன்னா அதுக்கும் புரியும். வேன்லயே நான் பேசிக்கிட்டுத்தான் ஓட்டுவேன்."

அதன் பிறகு ஆறு முழுக்கக் காசிராஜனின் குரல்தான். "எடது! லேசா எடது! அங்கன மரம் மிதக்குது, வலது! நேரா, நேரா!" ஒவ்வொன்றுக்கும் படகு கீழ்ப்படிந்தது. மத்தியானம் கரையில் ஒதுங்கிச் சாப்பிடும்போது, மனைவியைப் பெருமையோடு கூப்பிட்டார்.

"ஏ சோலை, முன்னால வந்து நான் ஓட்டுறதப் பாக்கக் கூடாதா? பின்னாலயே நனையுத."

சோலையம்மாள் சிவந்துபோயிருந்த கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். "அங்கன இருந்தாத்தான் உங்க சத்தம் நல்லாக் கேக்குது" என்றாள்.

காசிராஜனுக்கு அதைக் கேட்டு நெஞ்சு நிறைந்துபோனது.

மூன்றாம் நாள்தான் ஆறு தன் நிஜ முகத்தைக் காட்டியது. கிழக்கே மலையில் கொட்டிய மழை செந்நிறமாகப் பெருகிவந்து படகைத் தள்ளியது. காற்று தார்ப்பாயை அடியோடு பிய்க்கப் பார்த்தது. திடீரென்று மழைத்திரைக்குள்ளிருந்து ஒரு பாலம் வந்தது. படகு நேரே அதன் தூணைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

சங்கிலிமுத்து காசிராஜனின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "மாப்ளே, எனக்கு நீச்சல் தெரியாது!"

எனக்கும்தான் என்று சொல்ல நேரமில்லை. காசிராஜன் சக்கரத்தை இறுக்கிப் பிடித்தார். கண்ணைத் தூணிலிருந்து எடுக்கவில்லை.

"வலது! இன்னும் வலது! முழுசா! இப்ப எடது... எடது... நேரா விடு!"

இரண்டு தூண்களுக்கு நடுவே, இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் விட்டு, படகு அம்பு மாதிரிப் பாய்ந்து வெளியே வந்தது.

சங்கிலிமுத்து இடுப்பிலிருந்து கையை எடுத்தார். பிறகு, நனைந்த துண்டை உதறிக் காசிராஜனின் தோளில் போட்டார்.

"இம்புட்டு வருசமா உங்களத் தெரியாம இருந்துட்டேன் மாப்ள."

பாலத்தூணைவிட அந்த ஒரு வார்த்தைதான் காசிராஜனை ஆட்டிவிட்டது. மழையாக இருந்ததால் கண்ணைத் துடைக்க வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் கடவில் இறங்கியதும் சங்கிலிமுத்து முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவரு என் தங்கச்சி மாப்பிள்ளை! வாயாலேயே படகு ஓட்டுற ஆளு!" என்று வாசல்வரை சொல்லிக்கொண்டே போனார். உள்ளே போனதும் விருதுநகருக்குப் போன் போட்டு அதையே கத்துவது கடவுவரை கேட்டது.

காசிராஜன் நிதானமாகப் படகைத் தட்டிக்கொடுத்தார். சோலையம்மாளுக்குப் பக்கத்தில் கட்டுப்போட்ட கையோடு நின்ற படகுக்காரரிடம், "ஒண்ணும் வருத்தப்படாதீக. கை ஆறினதும் என்ன மாதிரியே சத்தமாச் சொல்லி ஓட்டிப் பாருங்க. அது சரி, முதல் நாள்லேருந்து ஏதோ சொல்ல வந்தீகளே, என்ன அது?" என்றார்.

படகுக்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "வேற ஒண்ணுமில்ல சாரே, அந்தச் சக்கரத்தோட கம்பி அறுந்து ஒரு வருசம் ஆச்சு, நீங்க சத்தம் போடப் போட, பின்னால இஞ்சின் பிடியைத் திருப்பி மூணு நாளும் படகை ஓட்டினது இந்தச் சேச்சியாக்கும்!"