சம்பந்தி பின்வாசல் வழியாக வந்த கதை

நான் பள்ளிக்கூடம் போனது நான்கே வருடம். யார் கேட்டாலும் இதை மறைக்க மாட்டேன். சொன்ன கையோடு, "இப்போ மூணு லோரி ஓடுது" என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுவேன். முதல் வாக்கியத்தைச் சொல்வதே இரண்டாவது வாக்கியத்துக்காகத்தான். (நான் முதல் வாக்கியத்தை ஆரம்பித்தவுடன் என் மனைவி சரசு தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.)

நான் மறைத்த விஷயம் வேறு. தமிழை எழுத்துக்கூட்டிப் படித்து, பிறகு தானாகவே பழகிக்கொண்டேன். ஆங்கிலம் பேசுவேன், படிக்க வராது. மலாய் சாலைப் பலகை வரைக்கும் வரும். அதனால் கடையில் எந்தச் சாமான் வாங்கினாலும், உள்ளே செய்முறைப் புத்தகம் வைத்த பெட்டியைத் தொட மாட்டேன். "புத்தகம் வச்சு விக்கிறவனுக்கே அவன் சாமான் மேல நம்பிக்கை இல்ல" என்று ஒரு தத்துவமும் வைத்திருந்தேன். அந்தத் தத்துவம் என் வீட்டு வாசலில் ஒருநாள் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்த கதைதான் இது.

என் மகள் ஷாமினி, கூட வேலை பார்க்கும் தினேஷ் என்ற பையனை விரும்பினாள். நல்ல பையன். பிரச்சினை அவன் அப்பா. பிரிக்பீல்ட்ஸ்காரர், தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். போனில் பேசும்போதே கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தோன்றும் குரல். ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குக் குடும்பத்தோடு வந்து பார்த்துவிட்டு, சம்மதமா இல்லையா என்று சொல்வதாக ஏற்பாடு. ஷாமினி ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

பேச்சு முடிந்ததும் அவர்களை என் காரில் ஏற்றிச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். காரின் முன்பக்கம் மேட்டில் ஏறும்போதெல்லாம் 'டொக் டொக்' என்றது. எங்கள் தாமான் குடியிருப்பில் நாலு வீட்டுக்கு ஒரு வேகத்தடை மேடு. அதிர்வு தாங்கும் அப்சார்பர் போய்விட்டது, சனிக்கிழமை கொண்டுவாருங்கள், மாற்றித் தருகிறேன் என்றான் மெக்கானிக் மணியம். எனக்கு ஆசை விடவில்லை. "இதை நானே மாத்தினேன் சார்" என்று வாத்தியாரிடம் போகிற போக்கில் சொல்ல வேண்டும். லோரி ஸ்பிரிங்கையே கழற்றி மாட்டியவனுக்குக் கார் ஸ்பிரிங் எந்த மூலைக்கு?

இந்த இடத்தில் என் அறிவைப் பற்றிச் சொல்ல வேண்டும். லோரி ஸ்பிரிங் பட்டை பட்டையாக அடுக்கியது. கிழட்டு எருமை மாதிரி படுத்திருக்கும். கார் ஸ்பிரிங் சுருள். அப்சார்பரைச் சுற்றி அமுங்கியே இருக்கும், மேலே ஒரு நட்டு அதைப் பிடித்து வைத்திருக்கும். நட்டைக் கழற்றும் முன்னால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க ஒரு கருவி வேண்டும். அமுக்கும் கருவி நழுவினால் ஸ்பிரிங் துப்பாக்கிக் குண்டு. முப்பது வருடம் எருமை மேய்த்தவன் பாம்பு பிடிக்கப் போன கதை என்னுடையது.

சனிக்கிழமை பக்கத்து ஊரான மேருவில் ஒரு கார் சாமான் கடைக்குப் போனேன். கல்லாவில் இருபத்தைந்து வயதுப் பெண். அமுக்கும் கருவியில் இரண்டு வகை எடுத்து வைத்தாள். ஒன்று, கொக்கி வைத்த இரண்டு நீளத் திருகாணி, அவ்வளவுதான். இன்னொன்று பெட்டியில் இருந்தது. சுருளை அகலமாகக் கவ்வும் தாடை, நழுவாமல் பூட்ட ஊசி, எல்லாம் அதில் இருந்தன.

"வீட்டுல செய்யறதுனா இத எடுங்க அங்கிள். அதுல லாக் பின் இல்ல லா, கொக்கி வழுக்கும்" என்றாள். சொன்னதோடு விட்டிருக்கலாம். பெட்டிக்குள்ளிருந்த புத்தகத்தை எடுத்துப் பிரித்து, என் பக்கமாகத் திருப்பி, சிவப்பு எழுத்தில் இருந்த ஒரு வரிக்கு அடியில் விரலை வைத்தாள். "இத ஒருதரம் படிச்சுக்குங்க அங்கிள்."

எனக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அந்த வரியை நான் பார்த்தேன். அந்த வரியும் என்னைப் பார்த்தது. "தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டு, இரண்டையும் கையில் தூக்கி எடை பார்ப்பதுபோல் பாவனை செய்து, கொக்கியைக் காட்டி, "இதான் கனமா இருக்கு, இதையே கொடு" என்றேன். கருவாடு வாங்குகிறவன்கூட அப்படித் தேர்ந்தெடுக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. முன்வாசல் போர்ச்சில் காரைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, அப்சார்பரை ஸ்பிரிங்கோடு வெளியே எடுத்துவிட்டேன். அதுவரைக்கும் நான் ராஜா. சரசுவைக் கூப்பிட்டு, முக்காலியில் உட்கார வைத்து, அப்சார்பரின் அடியை ஆடாமல் பிடிக்கச் சொன்னேன். அவள் மாவு கையைக் கழுவிவிட்டு வந்து பிடித்தாள்.

கொக்கிகளை எதிரெதிராக மாட்ட வேண்டும், கையால் இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் திருக வேண்டும் என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. நான் இரண்டையும் என் கைக்குத் தோதாகக் கிட்டக்கிட்ட மாட்டினேன். லோரிக் கொட்டகையிலிருந்து கொண்டுவந்த, காற்றால் நட்டு முடுக்கும் துப்பாக்கியால் ஒன்றை முழுசாக முடுக்கிவிட்டுத்தான் அடுத்ததற்கே போனேன்.

"என்னங்க, இது வளையுதே" என்றாள் சரசு.

"ஸ்பிரிங்னா வளையத்தான் செய்யும்" என்று சொல்லி மேல் நட்டையும் கழற்றினேன்.

'டங்' என்று ஒரு சத்தம். ஒரு கொக்கி அடுத்த சுற்றுக்கு வழுக்கி, நுனியில் தொற்றிக்கொண்டு நின்றது. ஸ்பிரிங் வாழைப்பழம் மாதிரி வளைந்துவிட்டது. திருகாணியின் மரையெல்லாம் துப்பாக்கி தின்றுவிட்டிருந்தது. முடுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது.

"சரசு, கைய எடும்மா. மெதுவா. அதுக்கு நேரா நிக்காத" என்றேன். (கல்யாணமாகி நான் அவளை 'ம்மா' போட்டுப் பேசியது அன்றைக்குத்தான் என்று சொல்லிக் காட்டுவாள்.) ஸ்பிரிங் கிடந்தது முன்கதவுக்கு ஒரு காலடி தூரத்தில். நாங்கள் கேட் வழியாகப் பின்னோக்கி நடந்து வெளியேறி, வரிசை வீடுகளையெல்லாம் சுற்றிக்கொண்டு, பின்சந்து வழியாக எங்கள் சொந்த வீட்டுக்கே திருடர்கள் போல் நுழைந்தோம். துணி காயப்போடும் கழியால் ஒரு பழைய மெத்தையைத் தூரத்திலிருந்து தள்ளித் தள்ளி அதன்மேல் மூடியது மட்டும்தான் அன்றைக்கு நான் செய்த பாதுகாப்பு வேலை.

மணியத்துக்குப் போன் போட்டேன், அவன் ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தான். "லாக் பின் இருக்காண்ணே?" என்றான். இல்லை என்றேன். கொஞ்ச நேரம் நாதஸ்வரம் மட்டும் கேட்டது. பிறகு, "யாரும் கிட்ட போவாதீங்க. அந்தக் கதவத் தெறக்காதீங்க. காலைல வரேன்" என்றான்.

உண்மையைச் சொல்லி வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்றாள் சரசு. படித்தவர்கள் வீட்டில் நம்மை என்ன நினைப்பார்கள் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றைக்கு முன்வாசல் ஆகாது என்று ஜோசியர் சொன்னதாகச் சொல்லிவிட முடிவு செய்தேன்.

கிரானைட் போட்ட போர்ச், பூவேலை செய்த கேட் என்று போனில் நான் அளந்து வைத்திருந்த வீட்டுக்கு, சம்பந்தியம்மா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவில், லோங்காங் சாக்கடையைத் தாண்டி, பழத்தட்டோடு வந்தார். அவரை முதலில் வரவேற்றது எங்கள் சலவை இயந்திரம். அடுத்தது, பந்து விளையாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வடை சுட்டுக்கொண்டிருந்த ஷாமினி. அலங்காரம் செய்து அழைத்து வரவேண்டிய பெண், கரண்டியோடு திரும்பி, "வாங்க ஆன்டி" என்றது. அந்த அம்மாள் ஒரு வடையை எடுத்து அங்கேயே நின்று சாப்பிட்டார்.

கூடத்தில் உட்கார்ந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டைப் பற்றி மறுபடியும் ஆரம்பித்தேன். வாத்தியார் எழுந்தார். "புழுக்கமா இருக்கு. உள்ள வரத்தானே ஆகாது? வெளிய போகலாம்ல? அந்தக் கேட்டப் பாப்போம்" என்று முன்கதவுக்குப் போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

இதை எழுதவே கை கூசுகிறது. அந்த நேரம் நான் வாயைத் திறக்கவில்லை. மெத்தை மூடியிருக்கிறதே, ஒன்றும் ஆகாது என்று ஓர் எண்ணம் ஓடியது. என் மானத்துக்கும் அந்த மனிதர் முகத்துக்கும் நடுவில் ஒரு மெத்தை போதும் என்று நினைத்தேன். தாழ்ப்பாள் பாதி நகர்ந்துவிட்டது.

"தெறக்காதீங்க சார்" என்றாள் சரசு.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். மீதியைச் சொல்வதை எனக்கு விட்டு வைத்தாள். ஜோசியர் இல்லை என்பதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்ததும் வாத்தியார் கேட்டார்: "நீங்க முடுக்கினப்ப அதைப் புடிச்சிருந்தது யாரு?"

"நாந்தான் சார்" என்றாள் சரசு.

"ரெண்டுல இதை ஏன் எடுத்தீங்க?"

"அந்தப் பெட்டியில புத்தகம் இருந்துச்சு சார்" என்றேன். "எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பின்னால ஆள் நின்னாங்க."

ஐம்பத்தெட்டு வயதில் அதை முதல் தடவையாக வெளியாட்களிடம் சொன்னேன். அதைவிட, அடுத்து சரசு சொன்னதுதான் என்னைக் குத்தியது. பள்ளி இறுதியான ஐந்தாம் படிவம் வரை படித்தவள் அவள். என் லோரிக் கடிதம் எல்லாவற்றையும் படித்துச் சொல்பவள். "வீட்டுக்குக் கொண்டாந்திருந்தா நான் படிச்சிருப்பேன்ல" என்றாள், கோபமே இல்லாமல்.

ஷாமினி சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வாத்தியார் தாழ்ப்பாளைத் திரும்பப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். மகனிடம் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு எப்படிடா? தெரியலன்னா தெரியலன்னு சொல்லுமா?"

"சொல்லும்ப்பா. 'உனக்கும் தெரியல'ன்னு என்கிட்டயே சொல்லும்."

"அப்ப சரி. தேதிய பாப்போம்" என்றார் வாத்தியார்.

மறுநாள் காலை மணியம் வந்தான். நான் வேண்டாம் என்று வைத்த அதே வகைக் கருவியோடு வந்தான். ஸ்பிரிங்கைச் சங்கிலியால் சுற்றிக் கட்டி, கருவியால் கவ்வி, பழைய கொக்கியை அறுத்தான். அறுந்த நேரத்தில் சங்கிலி உதறிய உதறலில் கிரானைட்டில் ஒரு சில்லு பெயர்ந்தது. "சங்கிலி இல்லன்னா எங்க போயிருக்கும்?" என்று கேட்டேன். அவன் கையை மட்டும் நீட்டிக் காட்டினான். முக்காலி இன்னும் அங்கேயே கிடந்தது. அதில் ஒருவர் உட்கார்ந்தால் கழுத்து எங்கே வருமோ, அந்த உயரத்தைக் காட்டினான்.

கல்யாணம் முடிந்து ஐந்து வருடம் ஆகிறது. போன வாரம் கூடத்துப் பல்பு எரியவில்லை என்று ஏணியை எடுத்தேன். ஏணிச் சத்தம் கேட்டதும் சரசு கைப்பையை மாட்டினாள். பேத்தி தன் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டாள். பார்க்க வந்திருந்த வாத்தியார்கூட ஒரு கேள்வி கேட்காமல் நாளிதழை மடித்துக்கொண்டு அவர்கள் பின்னால் நடந்தார். மூவரும் சமையலறை வழியாகப் போய்ப் பின்சந்தில் நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் விசாரிப்பது எனக்கு ஏணி மேல் கேட்டது.

"இன்னைக்கு என்ன ரிப்பேர் அக்கா?"

"பல்புதான்" என்றாள் சரசு.

"அப்ப சீக்கிரம் உள்ள போயிரலாம்."

"சொல்ல முடியாதும்மா" என்றார் வாத்தியார்.